காது வெட்டின நாய்

காலையில் கேட்டைத் திறக்கும்போதே அன்றைய நாளின் லட்சணம் சிசிலிக்குத் தெரிந்துவிடும். வாசலில் சாக்கு ஏதும் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். அன்றைக்கும் கிடந்தது. உரச்சாக்கு, வாயை நைலான் கயிற்றால் இறுக்கி இரட்டை முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தால் கண் திறக்காத நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே கிடந்தவை முனகின. அடியில் கிடந்தவை முனகவில்லை. மூச்சு விட ஓர் ஓட்டை போட மனமில்லாத பாவி, முடிச்சை மட்டும் அவ்வளவு அக்கறையாகப் போட்டிருந்தான்.

"இத கட்டுனவன் கை வெளங்குமா செங்கோட்டையா," என்றாள்.

"வெளங்குமுங்க சேச்சி. அவனுகளுக்குத்தான் எல்லாம் நல்லா வெளங்குது," என்றான் செங்கோட்டையன். மையத்தில் நாய் பிடிக்கிறவன் அவன். செத்த குட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, குழி தோண்ட மண்வெட்டியைத் தேடிப் போனான்.

மாநில எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவிந்தாபுரம் போகிற ரோட்டில், மூடிப்போன ஓர் எண்ணெய் மில்லின் கொட்டகையில் இருந்தது அந்த மையம். பக்கத்துப் பஞ்சாயத்துகள் சேர்ந்து நடத்துவது. தெருநாய்களைப் பிடித்துவந்து கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய் வராமலிருக்க ஊசி போட்டு, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும். சட்டம் அப்படி. இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்த சிசிலிதான் அதற்குப் பொறுப்பு.

ஊர்க்காரர்கள் அதை நாய் ஆஸ்பத்திரி என்பார்கள். வாய்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லும், நினைப்பில் அது குப்பைத்தொட்டி. வீடு மாற்றிப் போகிறவர்கள் வயசான லாப்ரடாரைக் கேட்டில் கட்டிவிட்டுப் போய், அதன் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து ஒரு வாரம் அழுவார்கள். கோழிக்கடைக்காரன் கழிவை ரோட்டோரம் கொட்டுவான், நாய்த் தொல்லை தாங்கவில்லை என்று மனுவும் அவனே கொடுப்பான். பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊர் நாய்களை வண்டியில் ஏற்றி, எல்லை தாண்டி இங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். இங்கே இருக்கிறவர்கள் மட்டும் இளைத்தவர்களா, பிடித்து அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். ஒரே நொண்டி நாய் இரண்டு மாநிலத்துக்கும் நாலு தடவை போய்வந்ததைச் செங்கோட்டையன் கண்டுபிடித்து, அதற்கு இனிமேல் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றான். மலம், சீழ், ஃபினாயில், குண்டானில் வேகும் கோழித்தலை, எல்லா நாற்றமும் சிசிலிக்குப் பழகிவிட்டது. மனுஷ நாற்றம்தான் பழகவில்லை. அதைக் கழுவிவிட ஃபினாயிலும் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த நாய்க்கு மயக்கம் தெளிவதற்குள், டாக்டர் ராஜஸ்ரீ அதன் காது நுனியில் முக்கோணமாக ஒரு சின்னத் துண்டு வெட்டிவிடுவார். அதுதான் அடையாளம். அந்தக் காதைக் கண்டால் வண்டி மறுபடி அந்த நாயைப் பிடிக்காது. சிசிலி வார்டு வார்டாகப் போய்ப் பெண்கள் கூட்டங்களில் இதைச் சொல்லி வந்தாள். "காது வெட்டின நாயக் கண்டு பயப்படாதீங்க. அது நம்ம நாய். அதுக்கு ஊசி போட்டாச்சு." தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். வேறு எதையும் காதில் வாங்காத ஊர், இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பிழைத்த குட்டிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எல்லையோரத்து பஸ் ஸ்டாப்பில் நாய் ஒரு பெண்ணைக் கடித்துவிட்டது. நாயை நிழற்குடைக்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள், உடனே வராவிட்டால் அடித்துக் கொன்றுவிடுவார்கள்.

வண்டி போய் நின்றபோது பாதி ஊர் அங்கே இருந்தது. கையில் தென்னை மட்டை, கல், கம்பு. கம்பில்லாத கையில் போன். நிழற்குடையின் மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு கடா நாய் சுவரோடு ஒட்டி நின்றது. அதன் முதுகில் ஏற்கெனவே கல் பட்டு ரத்தம் வழிந்தது. கூட்டத்துக்கு முன்னால், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வார்டு மெம்பர் சாம்பசிவன் நின்றார். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார்.

"வாங்க அம்மணி. உங்க ஆளு பண்ணுன காரியத்தப் பாருங்க," என்றார் மெம்பர். "தோப்பு வேலைக்கு வந்த ராமாத்தாளக் கெண்டைக்கால்ல புடுங்கியிருக்குது. காதப் பாருங்க. நீங்க வெட்டி உட்ட நாயிதானுங்க."

சிசிலி பார்த்தாள். காது நுனியில் ஒரு துண்டு இல்லைதான். ஆனால் வெட்டு முக்கோணமாக இல்லை. பிறை மாதிரி வளைந்து, ஓரம் பிசிறு தட்டி, பக்குக்கூட இன்னும் முழுதாக உதிராமல் இருந்தது. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும் என்று யோசிக்கும்போதே செங்கோட்டையன் வலையை வீசினான். நாய் வலைக்குள் உருண்டபோது, சொல்லவே தேவையில்லாத ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது.

"மெம்பரே, இது எங்க நாயில்ல," என்றாள் சிசிலி. "நாங்க அறுத்து விடுத கடாவுக்குப் பின்னால ஒண்ணும் இருக்காது. இதுக்கு ரெண்டும் பத்திரமா இருக்கு. நீங்களே பாத்துக்கிடுங்க."

கூட்டம் சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மெம்பரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, போன் பிடித்திருந்தவன் பக்கமாகத் திரும்பி நிதானமாகச் சொன்னார்.

"கேட்டுக்குங்க சனங்களே. அறுக்காமயே காத மட்டும் வெட்டி உட்டிருக்கறாங்க. ஆப்ரேசன் பண்ணாதவங்க ஊசி மட்டும் போட்டிருப்பாங்களா? இப்படித்தான் இந்த சென்டர் நடக்குதுங்க."

சிரிப்பு அப்படியே முறைப்பாக மாறியது. கண்ணால் பார்க்கிற சாட்சியைக்கூட ஒரே திருப்பில் தன் பக்கம் போட்டுக்கொள்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

"மொதல்ல அத அடிச்சுக் கொல்லுங்கப்பா," என்றார் மெம்பர்.

"தொடக்கூடாது," என்றாள் சிசிலி. "பத்து நாள் கூண்டுல வெச்சுப் பாக்கணும். வெறி இருந்தா அதுக்குள்ள செத்துரும். அதப் பாத்தாத்தான் கடிபட்டவங்களுக்கு என்னன்னு தெரியும்."

ஒரு கல் வந்து அவள் தோளில் விழுந்தது. யார் எறிந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலையோடு நாயைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நாயைக் கூண்டில் அடைத்துவிட்டுச் சாயங்காலம் சிசிலி ராமாத்தாளின் வீட்டுக்குப் போனாள். ஐம்பது வயசைத் தாண்டியவள், தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கிப் போடுகிற வேலை. புருஷன் இல்லை, ஒரே மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் பல் இறங்கிய இடம் தெரியாதபடி மஞ்சள் தூளை அப்பியிருந்தாள். ஜன்னல் விளிம்பில் புதிதாகப் பிரித்த மஞ்சள் பொட்டலம் ஒன்று இருந்தது, பொள்ளாச்சிக் கடைப் பேர் போட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாக்கா?"

"எதுக்குங்க? காது வெட்டுன நாயிதானுங்களே. நீங்கதான வந்து சொன்னீங்க, பயப்பட வேண்டாம்னு."

சிசிலிக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "அது நாங்க வெட்டின காது இல்லக்கா. ஊசி போட்ட நாயில்ல அது."

"காதுலென்ன பேரா எழுதியிருக்குது?" என்றாள் ராமாத்தாள். "மெம்பர் அப்பவே சொன்னாருங்க. கேசு வருமுன்னு பயந்துட்டு, எங்க நாயில்லைன்னு வந்து சொல்லுவாங்க, நீ கண்டுக்காதேன்னு. மஞ்சத்தூளு கூட அவருதான் வாங்கியாந்து குடுத்தாரு. நல்ல மனுசனுங்க."

"எந்த நாய்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? முன்ன எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

ராமாத்தாள் காலில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். "நாய்க்கு நாய் அடையாளமா வெச்சிருக்க முடியுமுங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் மூணு நாள்ல மாரியம்மன் நோம்பிங்க. மவ வர்றா. ஊசி போட்டா கறி திங்கக் கூடாதும்பாங்க. வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க எங்கூட்டுல கறி வேவுது," என்றாள்.

கறிக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சிசிலி சொன்னாள். வெறி ஏறிவிட்டால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகிக்கொள்ளும், அதற்குப் பிறகு மருந்தே கிடையாது, சாவுதான் என்றும் சொன்னாள். ராமாத்தாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். மறுநாள் சுகாதார நர்ஸ் போனபோது அவள் தோப்புக்குப் போயிருந்தாள். அதற்கடுத்த நாள் போனபோது வீடு பூட்டியிருந்தது, உள்ளே சட்டி உருளும் சத்தம் கேட்டது.

கூண்டில் நாய் மூலையிலேயே கிடந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பயத்தில் தின்னவில்லை என்று முதலில் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அதன் தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூலாக இறங்கித் தரையில் குளம் கட்டியது. தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கை வைக்கும், குடிக்க முடியாமல் பின்வாங்கும். குரைக்கப் பார்த்தால் தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம்தான் வந்தது. டாக்டர் ராஜஸ்ரீ கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிசிலி, அந்தப் பெண்மணியை எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்கோ. இது அதேதான்," என்றார்.

அதே நேரத்தில் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, மைக் கட்டி, மெம்பர் சாம்பசிவனின் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நாய் ஆஸ்பத்திரியை இழுத்து மூடு என்று பேனர். உட்கார்ந்திருந்த பாதிப் பேர் இங்கே நாயைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனவர்கள்தான் என்பது சிசிலிக்குத் தெரியும். லாப்ரடார்காரர் முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். கோழிக்கடைக்காரன் எல்லோருக்கும் மோர் கொடுத்தான். வெட்கம் மானம் என்று ஒன்று இருந்தால் அந்த மோர் தொண்டையில் இறங்குமா? இறங்கியது. டம்ளரைக் கழுவாமல் மையத்தின் சுவர் மேலேயே வைத்துவிட்டும் போனார்கள்.

சிசிலி பந்தலுக்கே போய் மெம்பரிடம் சொன்னாள். "நாய்க்கு வெறிதான் மெம்பரே. ராமாத்தாள் அக்கா நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

மெம்பர் கைக்குட்டை சுற்றிய கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். "உங்க நாயிக்கு வெறின்னு உங்க வாயாலயே ஒத்துக்கறீங்களா?" என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தபோது நாய் செத்துக் கிடந்தது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப டாக்டர் ஏற்பாடு செய்தார். நாயைத் தொட்டவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். செங்கோட்டையன் உள்ளூரிலேயே போட்டுக்கொண்டான். வருஷா வருஷம் சிசிலி ஊசி போட்டுக்கொள்வது பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில், பழைய சீட்டும் அங்கேதான் இருந்தது. அதனால் பஸ் ஏறினாள். போகிற வழியெல்லாம் ராமாத்தாளின் மஞ்சள் அப்பிய கால்தான் கண்ணுக்குள் நின்றது. முடிந்தால் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுவிடலாம். அதற்கும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். கடைசியில் ஒரு ஆள் துண்டை முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதே மடிப்புக் கலையாத வேட்டி. சிசிலி அவருக்குப் பின்னால், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது ஊசி யாருங்க? சாம்பசிவன். கைய நீட்டுங்க. கடிச்சது தெருநாயா, வளத்த நாயா?"

"வளத்ததுதானுங்க," என்றார் மெம்பர். "நம்ம தோப்பு நாயி."

"நாய் உசுரோட இருக்குதா?"

மெம்பருக்குப் பின்னாலிருந்து சிசிலி சொன்னாள். "காலையில செத்துப்போச்சு சிஸ்டர்."

துண்டு நழுவித் தோளில் விழுந்தது. மெம்பர் அவளைப் பார்த்தார். பார்த்தவர், அந்த நேரத்திலும் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் அவளை மடக்கிக்கொண்டு பேசினார். பேசப் பேச சிசிலிக்கு எல்லாம் விளங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவருடைய தோப்பில், மோட்டார் ரூமில் கட்டிக்கிடந்த நாய் அது. இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததில்லை. தோப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"அறுத்துட்டா நாயிக்குச் சொரணை கெட்டுப் போயிருமுங்க அம்மணி. காவலுக்கு ஆவாது," என்றார். "அப்பப்ப அவுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துரும். உங்க வண்டி புடிச்சுட்டுப் போயிருமேன்னு, பாக்குவெட்டியில ஒரே நறுக்கு. நான் மட்டுமாங்க? காவலுக்கு நாய் வெச்சிருக்கற எல்லாருந்தான் நறுக்குறாங்க."

பாக்குவெட்டி. வெற்றிலைத் தட்டில் கிடக்கிற பாக்குவெட்டி. மயக்க மருந்து கிடையாது, ஒன்றும் கிடையாது, காலுக்கடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நறுக்கு. அதை வெட்கமில்லாமல், தென்னைக்கு மருந்து வைத்த கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

"கையில என்ன?"

"ரெண்டு நாளா சோறு திங்காமக் கெடந்துது. என்னமோ ஏதோன்னு வாயில கைய உட்டுப் பாத்தேன். பல்லு பட்டுருச்சுங்க. அன்னிக்குத்தான் சங்கிலிய அத்துட்டு ஓடி ராமாத்தாளக் கடிச்சுது. எனக்கு மனசு கேக்கல. மத்தியானமே இங்க வந்து ஊசி போட்டுக்கிட்டேன்."

"ராமாத்தாள் அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? சொன்னா நாய் என்னுதுன்னு ஆயிருமில்லைங்க. எலக்சன் வேற வருது." கொஞ்சம் நிறுத்தி, அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "அவளுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. காட்டு வேலை செஞ்ச ஒடம்பு. மஞ்ச வெச்சிருக்கறா," என்றார்.

"நீங்களும் மஞ்சளையே வெச்சிருக்க வேண்டியதுதான மெம்பரே."

புழு வைத்த புண்ணைக் கையால் கழுவியவள் சிசிலி. வண்டியில் அடிபட்டு மூன்று நாள் கிடந்த நாயை அள்ளிப் புதைத்துவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரிக் குழாயடிக்கு ஓடிப்போய்க் காலையில் குடித்த டீயையெல்லாம் கக்கினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் பக்கத்திலேயே வந்து நின்று பேரம் பேச ஆரம்பித்திருந்தார். பந்தலை இன்றைக்கே பிரித்துவிடுகிறேன், கொட்டகைக்குக் கூரை போட்டுத் தருகிறேன், சுற்றுச்சுவரும் எழுப்பித் தருகிறேன், நாய் என்னுடையது என்று மட்டும் வெளியே வரக்கூடாது.

கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வருஷமாக மனுக் கொடுத்தவள் அவள்தான். போன மழையில் நனைந்தே செத்த குட்டிகளும் உண்டு. ஒரு கணம் அந்தக் கூரை அவள் மனசில் வந்துதான் போனது. அப்படி வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு உண்டாயிற்று.

"பஸ்ஸுல ஏறுங்க," என்றாள். "அக்கா வீட்டுக்கு வந்து, உங்க வாயால சொல்லுங்க. இல்லன்னா உங்க பந்தல்ல உங்க மைக்கையே புடிச்சு நான் சொல்லுதேன். எது வேணும்?"

பஸ்ஸில் அவர் முன் சீட்டிலும் அவள் பின் சீட்டிலும் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரம் நாய்கள் படுத்திருந்தன. காது வெட்டிய ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இதில் டாக்டர் வெட்டியது எது, பாக்குவெட்டி நறுக்கியது எது? பஸ் போகிற வேகத்தில் அவளுக்கே தெரியவில்லை. வார்டு வார்டாகப் போய், எந்த வாயால் பயப்படாதீர்கள் என்று சொன்னாளோ, அதே வாயால் இனிப் போய் எந்தக் காதையும் நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன மறுநாளே ஊசி போட்ட நாயையும் சேர்த்து அடித்துக் கொல்லுவார்கள். சொல்லாவிட்டால் மனுஷர் சாவார்கள். இப்படி ஓர் இக்கட்டில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவரின் பின்னந்தலையை, எண்ணெய் தடவி ஒழுங்காகச் சீவியிருந்த அந்தத் தலையை, வழி முழுக்க வெறித்துக்கொண்டே வந்தாள்.

ராமாத்தாளின் வீட்டில் நோம்பி வந்துவிட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டி, சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மகள் கோயிலுக்குப் போயிருந்தாள். வெளியடுப்பில் பெரிய சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. காலைத் தாங்கித் தாங்கி நடந்துவந்த ராமாத்தாள் மெம்பரைப் பார்த்ததும் இடுப்பில் சொருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, நாற்காலி எடுக்கப் போனாள்.

"உக்காருங்க. நோம்பி நாளும் அதுவுமா எங்கூட்டுக்கு வந்திருக்கறீங்க. கறி வெந்துருச்சுங்க, ரெண்டு வாய் சாப்புட்டுட்டுத்தான் போகோணும்."

மெம்பர் உட்காரவில்லை. வாயைத் திறந்தார். மழை இல்லை, காய் விலை ஏறியிருக்கிறது என்று ஏதோ பேசினார். நோம்பி ஏற்பாடு எப்படி என்று கேட்டார். நாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். சட்டியில் மூடி தடதடவென்று ஆடியது.

சிசிலி பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய், அவருடைய இடது கையைப் பிடித்து, சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டாள். புஜத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்திரி தெரிந்தது. வலது கையின் கைக்குட்டையையும் உருவினாள். கட்டைவிரலுக்குக் கீழே பல் பட்ட தடம் இருந்தது. மஞ்சள் இல்லை, சுத்தமாக ஆஸ்பத்திரி மருந்து போட்டிருந்தது.

"உங்களக் கடிச்ச அதே நாய்தான் அக்கா இவரையும் கடிச்சுது," என்றாள். "இன்னைக்குக் காலையில வெறி முத்திச் செத்துப்போச்சு. இவர் ரெண்டு ஊசி போட்டாச்சு."

ராமாத்தாள் பிளாஸ்திரியைப் பார்த்தாள், கைத்தடத்தைப் பார்த்தாள். நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நாயச் சென்டர்ல குடுத்து வெட்டியாந்த காதுன்னு அன்னிக்கு எங்கிட்டச் சொன்னீங்களே," என்றாள்.

மெம்பர் தரையைப் பார்த்தார்.

"நம்ம தோப்பு நாயின்னு நான் யாருகிட்டயாச்சும் வாயத் தொறந்தனுங்களா? ஒரு வார்த்தை சொன்னனா?" சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "மொத ஊசி எப்பப் போட்டீங்க?"

"அன்னிக்குத்தான்," என்றார் மெம்பர். "மத்தியானம்."

"அன்னிக்கா." ராமாத்தாள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பொள்ளாச்சிக் கடைப் பேர் போட்ட பொட்டலம் அங்கேயே இருந்தது, பாதிக்கு மேல் காலியாகி. "நீங்க ஊசி போட்டுட்டு வர்ற வழியிலதானுங்களா எனக்கு இத வாங்கியாந்தீங்க?"

அவர் சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ராமாத்தாள் வாளித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினாள். சோப்பு போட்டு, மஞ்சள் முழுக்கக் கரைந்து ஓடும்வரை தேய்த்துக் கழுவினாள். பல் இறங்கிய குழிகள் அப்போதுதான் சிசிலிக்குத் தெரிந்தன. பயந்ததைவிட ஆழமாக இருந்தன. இன்னும் நேரம் இருக்கிறது, காயத்தைச் சுற்றியும் மருந்து குத்துவார்கள், நன்றாக வலிக்கும் என்று அவள் சொன்னாள். வலிக்கட்டுமுங்க என்றாள் ராமாத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சிசிலியின் தோளைப் பிடித்துப் படியிறங்கினாள்.

வாசல் தாண்டும்போது நின்று, இத்தனை வருஷமாக எந்த முகத்துக்கு நேரே நிமிர்ந்து பேசியதில்லையோ, அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுப்புல கறி கெடக்குது. தீயத் தணிச்சுப்போட்டு, மவ வர்ற வரைக்கும் உக்காந்து பாத்துக்குங்க. நாய் வந்து வாய வெச்சறப் போகுது."